கறுத்த கல்லும் மிதக்கிற கல்லும்

மலையாளக் கரையில், கோவளத்தில் கடலைப் பார்த்து நிற்கிற அந்த ஸ்பாவில் ஆவுடைத்தாய்க்கு வாய்த்த வேலை, காசு கொடுத்துக் குப்புறப் படுத்திருக்கிறவர்களின் முதுகில் சூடான கல்லை அடுக்குவது. வள்ளியூர்ப் பக்கத்துச் சொந்த ஊரில் போய் இதைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. "கல்லு சுமக்க வேலையா?" என்று கேட்டாள் அக்கா. "சுமக்கது அவங்க. நான் வைக்கத்தான் செய்யுதேன்" என்றாள் இவள். அக்கா சிரித்த சிரிப்பில் இட்லிக் கொப்பரை மூடி கீழே விழுந்தது.

முதலில் அங்கே துண்டு துவைக்கத்தான் போனாள். கல் வைக்கப் பழக்கியது சரோஜம் சேச்சி. சரோஜத்துக்குத் திருவல்லம். அம்மா வழியில் மார்த்தாண்டம் என்பதால் தமிழ் வரும், வருகிற வழியில் மலையாளத்தையும் அள்ளிக்கொண்டு வரும். முதல் நாள் ஒரு கையில் கறுத்த கல்லும் இன்னொரு கையில் சாம்பல் நிறக் கல்லும் வைத்துக்கொண்டு பாடம் எடுத்தாள்.

"எடி தாயி, இது ரெண்டும் நெருப்பு மலை கக்கினது. கேட்டோ? இந்தக் கறுப்பன் பசால்ட்டு. உருகி ஒழுகி, ஆறி, இறுகிப் போச்சு. உள்ள ஒரு ஓட்டை கிடையாது. அதான் இத்தரை கனம். சூட்ட ஒரு தடவ வாங்கிட்டா லேசுல விடமாட்டான். இது பியூமிஸ். நுரைச்சுப் பொங்கும்போதே உறஞ்சு போச்சு. உள்ள பூராக் காத்து. தண்ணில போட்டா மிதக்கும்."

"கல்லு மிதக்குமா?"

"போட்டுப் பாரு."

மிதந்தது. ஆவுடைத்தாய் விரலால் அதை அமுக்கினாள். விட்டதும் மேலே வந்து நின்றது.

"இதுல சூடு நிக்காது. பாதம் உரைக்கத்தான் கொள்ளும். முதுகுல வைக்க கறுப்பன்தான். வைக்கும் முன்ன கை வெச்சுப் பாக்கணும். வெச்சுட்டுக் கேக்கணும். கேட்டுட்டே இருக்கணும். அவங்க போதும்னா எடுத்துரணும். வேற ஒரு வித்தையும் இல்ல."

ஆரம்பத்தில் வெந்நீர்ப் பெட்டியிலிருந்து எடுக்கிற கல்லை அவளால் உள்ளங்கையில் வைத்திருக்க முடியாது. கை மாற்றி கை மாற்றி ஊதுவாள். வருஷங்கள் போகப் போகக் கை பழகிவிட்டது. இப்போது கல்லை எடுத்து, ஒரு நொடி பொத்திப் பிடித்து, சரி என்று கை சொன்னதும் வைப்பாள். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் பெரிய கல், உள்ளங்கையில் முட்டைபோல ஒன்று, கால் விரல்களுக்கு இடையில் புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிதாகக் குட்டிக் கற்கள். வெள்ளைக்காரர்கள் "ஆ" என்பார்கள், பெங்களூர்க்காரர்கள் "டூ ஹாட்" என்பார்கள். அவள் எடுத்து இன்னொரு துண்டை இடையில் விரிப்பாள். ஒருத்தருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், மழைக்காலத்தில் சாக்கடையும் தெருவும் ஒன்றாகிற சந்தில், ஒரு லைன் வீட்டில் ஆவுடைத்தாயும் புருஷனும் மகளும் குடியிருந்தார்கள். புருஷன் மகாராஜா. பெயரில்தான் ராஜ்யம். பழவங்காடிக்குப் பக்கத்தில் சுவாமிதாஸ் நடத்துகிற ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். மத்தியானம் மாவு பிசைய ஆரம்பித்தால் கடை அடைக்கிற வரைக்கும் நின்றபடிதான் வேலை. மாவை வீசுகிறபோது உடம்பின் பாரம் முழுக்க வலது கால் பெருவிரலில் இறங்கும். குதிகால் தரையை விட்டு எழும்பும். மாவு மேஜையில் விழுகிறபோது குதிகாலும் இறங்கும். பார்க்கிறவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள். மகாராஜாவுக்குத் தெரியும், அது கால் வேலை.

அந்தக் கால்தான் மரத்துப்போனது. சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிவிட்டது. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவான். முதலில் பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்றான், பிறகு பஞ்சில் நடக்கிறதுபோல இருக்கிறது என்றான், அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றான்.

"இன்னொண்ணு எங்க?" என்றாள் ஆவுடைத்தாய்.

குனிந்து பார்த்தான். வெறும் காலைப் பார்த்து அவனுக்கே ஆச்சரியம்.

"போட்டுட்டுத்தான வந்தேன்."

மகள் பொன்செல்வி செல்போன் விளக்கை அடித்துக்கொண்டு தெரு முனை வரை போய்ப் பார்த்தாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறவள். பேச்சில் பாதி மலையாளம். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "அப்பா, காலுல செருப்பு இல்லன்னு அறியாண்டா நடந்து வந்தீங்க? இது சாரமில்லன்னு விடுற விசயம் அல்லப்பா. டாக்டர காணிக்கணும்."

"காணிக்கலாம், காணிக்கலாம்" என்றான் மகாராஜா. "துலாமழை முடியட்டும்."

ஆவுடைத்தாய் அன்றைக்கு அவன் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது. கறிக்கடையில் தொங்குகிற காலைத் தொட்டதுபோல இருந்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் காலுக்கெல்லாம் சூடு கொடுத்து ரத்தத்தை ஓட வைக்கிறேனே, என் வீட்டுக் கால் இப்படிக் கிடக்கிறதே என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு தப்பும் இல்லை. பிறகு நடந்ததற்கெல்லாம் அதுதான் வித்து.

ஸ்பாவில் புதுக் கற்கள் வந்து இறங்கின. ஓரம் தெறித்த பழைய கற்களைக் கடலில் போடச் சொன்னார் மானேஜர். "நான் எடுத்துக்கிடட்டா சார்?" என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றார். கறுத்த கல் கொஞ்சமும், தேய்ந்து பாதியான நுரைக்கல் ஒன்றும் பையில் போட்டுக் கிழக்கேகோட்டை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். திருவல்லம் பாலத்தில் மழை பிடித்தது. ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

அடுத்த நாள் இரண்டு பேருக்குமே விடுமுறை. ஓட்டலில் வெள்ளையடிக்கிறார்கள் என்று மகாராஜா வீட்டில் இருந்தான். மத்தியானத்துக்கு மேல் வானம் மூடிக்கொண்டு நின்றது. பொன்செல்வி சீக்கிரம் வந்துவிட்டாள். ஆவுடைத்தாய் வாளியில் தண்ணீர் பிடித்து நடு வீட்டில் வைத்தாள்.

"இந்தாங்க, இதப் போடுங்க" என்று இரண்டு கல்லையும் அவன் கையில் கொடுத்தாள்.

கறுத்தது தொபுக்கென்று அடியில் போய் உட்கார்ந்தது. நுரைக்கல் மிதந்தது.

"அட சவத்த" என்றான் மகாராஜா. "கல்லுன்னா முங்கணும்லா. இதென்ன பப்படம் மாதிரி கெடக்கு."

"உள்ள காத்து. மலைல இருந்து பொங்கி வரும்போதே உறஞ்சிருச்சாம்."

"மாவு பொங்குத மாதிரியா?"

"அப்பிடித்தான்."

"அப்பம் இது நல்லாப் பொங்குன மாவு. அந்தக் கறுப்பு, சோடா போட மறந்த மாவு." தன் பகிடிக்குத் தானே சிரித்தான். பிறகு வாளிக்குள் கையை விட்டுக் கறுத்த கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏளா, இது எனக்குத் தெரிஞ்ச கல்லுளா. பூனாவுல பூரா இதுதான். கோட்டைச் சுவரு, கோயிலு, ரோட்டுல பதிச்சது எல்லாம் கறுகறுன்னு இதுதான். நான் அங்க ஓட்டல்ல நிக்கும்போது தை மாசக் குளிரு தாங்க முடியாது. பொழுது அடைஞ்ச பெறவு அந்தச் சுவத்துல முதுகக் குடுத்துட்டு உக்காருவோம். வெயிலு போயி எவ்வளவு நேரம் ஆனாலும் சுவரு சுடும். அம்மா மடி மாதிரி இருக்கும்."

"பாத்தியளா, நீங்களே சொல்லுதிய. அந்தச் சூடுதான் இது."

"அப்ப மத்த கல்லு எதுக்கு?" என்றாள் பொன்செல்வி, நுரைக்கல்லைக் கன்னத்தில் உரசிக்கொண்டு.

"அது சொரண்ட. சூடு நிக்காது அதுல. காத்துதான இருக்கு. ஏட்டி, மூஞ்சில தேய்க்காத, தோலு போயிரும்."

பாதத்தை வெந்நீரில் ஊறவைத்து, நுரைக்கல்லால் உரைத்தாள். பெருவிரலுக்கு அடியில் காய்த்துப்போயிருந்த தடிப்பு மாவு மாவாக உதிர்ந்தது. உள்ளிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. ராஜா கால் மாதிரி ஆயிருச்சு என்றாள். பிறகு கறுத்த கற்களைச் சோற்றுப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்தாள். ஸ்பாவில் என்றால் பெட்டியே சூட்டை அளந்து நிறுத்திக்கொள்ளும். இங்கே அடுப்புதான். அதனால் என்ன, கை இருக்கிறதே. கரண்டியால் கோரி எடுத்து, துண்டால் துடைத்து, உள்ளங்கையில் பொத்திப் பிடித்தாள். சரி என்றது கை.

பாதத்துக்கு அடியில் பெரிய கல்லை வைத்து, விரல் இடுக்குகளில் குட்டிக் கற்களைச் செருகி, மேலே துண்டைச் சுற்றிக் கட்டினாள்.

"தெரியுதா?"

மகாராஜா நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"சூடு தெரியுதாங்க?"

"தெரியுது" என்றான். "லேசா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். உள்ள இறங்குது. அந்தப் பூனா சுவரு மாதிரி."

ஆவுடைத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இந்தக் கையே போதும் என்று தோன்றிய ஒரே பொழுது அது. "அப்பிடியே இருங்க, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கப்பைக் கிழங்கை நறுக்கப் போனாள். சாளை மீன் வாங்கி வைத்திருந்தாள். மிளகும் தேங்காயும் அரைத்து, குடம்புளி போட்டுக் குழம்பு கூட்டினாள். இடையில் ஒரு தரம் எட்டிப் பார்த்து, "எப்பிடி இருக்கு?" என்றாள். "சுகமா இருக்கு" என்றான். கப்பை வெந்து, வடித்து, மசித்து, குழம்பு கொதி வந்து இறக்குகிற வரைக்கும் அந்தக் கற்கள் அங்கேயே இருந்தன. மகாராஜா சுவரில் சாய்ந்து கண் அயர்ந்துவிட்டான். நுரைக்கல்லாக இருந்தால் அதற்குள் ஆறிச் சில்லிட்டிருக்கும். இது விடாது பிடித்துக்கொண்டிருந்தது.

துண்டை அவிழ்த்தது பொன்செல்விதான்.

"அம்மா" என்றாள்.

பெருவிரலும் அடுத்த இரண்டும் வெளுத்து, ஈரக் காகிதம்போலத் தோல் சுருண்டிருந்தது. உரைத்து எடுத்த இடம் முழுக்க ஒரே கொப்புளம். மகாராஜா விழித்துப் பார்த்தான். "ஒண்ணும் வலிக்கலையே" என்றான். அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான்.

கப்பையும் மீன்குழம்பும் அப்படியே இருந்தன. பிறகு மூன்று பேரும் அதைச் சாப்பிடவும் செய்தார்கள்.

வலிக்காத புண்ணை வைத்துக்கொண்டு மனிதன் என்னவெல்லாம் செய்வானோ அதையெல்லாம் மகாராஜா செய்தான். களிம்பு தடவினான். பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி ஓட்டலுக்குப் போய் நின்றான். ஆவுடைத்தாய் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினாள். கோவளத்துக்குப் போய் வழக்கம்போலக் கல் அடுக்கினாள். மழை விடாமல் பெய்தது. புண்ணிலிருந்து ஒரு வாடை கிளம்பி, வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் கூடவே வந்து உட்கார்ந்தது. பெருவிரல் ஓரம் கறுத்ததும் பொன்செல்வி ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எப்படிச் சுட்டது என்று கேட்டார்கள். "கஞ்சி வடிக்கும்போ கொட்டிருச்சு" என்றான் மகாராஜா, கேள்வி முடியும் முன்பே. ஆவுடைத்தாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வாய் திறக்கவில்லை. நாக்கும் மரத்துப்போகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

சரோஜத்திடம் மட்டும் போனில் சொன்னாள்.

"எடி, ஷுகர் உள்ளவங்களுக்கு நம்ம கல்லு வைக்கிறதே இல்லையே. முன்னால டெஸ்க்குல அதத்தான ஆதியம் கேக்கிறாங்க. உண்டுன்னு சொன்னா உள்ளயே விடமாட்டாங்க. உனக்குத் தெரியாதாடி?"

தெரியாது. அவள் மேஜைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கேள்வியைத் தாண்டி வந்தவர்கள். எத்தனையோ முதுகு, எத்தனையோ பாதம். எல்லாம் சுட்டால் சுடுகிறது என்று சொல்லத் தெரிந்த உடம்புகள். அவர்கள் சொல்லித்தான் தன் கை இதுவரை தப்பு செய்யாமல் இருந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போனை வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். வழவழவென்று, ரேகை தேய்ந்து, கறுத்த கல்லின் முதுகுபோல இருந்தது.

சுவாமிதாஸ் ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்தார். "மாஸ்டரே, ஒண்ணும் நினைக்காதீரும். ஒரு பெங்காலிப் பயல நிறுத்தியிருக்கேன். அவன் போடுகது பரோட்டாவா, கோணிச் சாக்கான்னு திங்கிறவனுக்கே சந்தேகம். நீரு வந்து கல்லு முன்ன நின்னாப் போதும்."

"நிக்கணும்லா அண்ணாச்சி" என்றான் மகாராஜா.

"அதான் சொல்லுதேன், நிக்கணும்."

இரண்டு பேரும் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்கள். அந்தப் பெருவிரல் இருந்தால்தான் நிற்க முடியும் என்பது இருவருக்கும் தெரியும். சுவாமிதாஸ் ஒரு ஆரஞ்சை உரித்து, சர்க்கரைக்காரன் என்று ஞாபகம் வந்ததும் தானே தின்றுவிட்டுப் போனார்.

காலில் எவ்வளவு வெட்டி எடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு டாக்டர் பெண் வந்தது. பொன்செல்வியைவிடச் சில வயது மூத்திருக்கும். பையிலிருந்து ஒரு சின்னக் கைப்பிடியை எடுத்தது. அதன் நுனியில் தூண்டில் நரம்புபோல ஒரு நைலான் இழை நீட்டிக்கொண்டிருந்தது.

"சேட்டா, கண்ண அடச்சு கிடக்கணும். இத வச்சுத் தொடும்போ 'உண்டு'ன்னு பறயணும். அவ்வளவுதான், அத்தரேயுள்ளூ."

மகாராஜா கண்ணை மூடிக்கொண்டான். ஆவுடைத்தாய் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. டாக்டர் கணுக்காலில் இழையை வைத்து அழுத்த, இழை வளைந்தது.

"உண்டு" என்றான்.

பாதத்தின் நடுவில் வைத்தது. அவன் பேசவில்லை. குதிகாலில் வைத்தது. பேசவில்லை. டாக்டர் கையை எடுத்துக் காகிதத்தில் என்னவோ எழுதியது.

"உண்டு" என்றான் மகாராஜா.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தது. அதன் கை கால் பக்கத்தில்கூட இல்லை.

"எங்க சேட்டா?"

"பெருவிரல்ல. லேசா தெரியுது."

டாக்டர் சும்மா நின்றது.

"உண்டு" என்றான் மறுபடியும். முகத்தில் ஒரு சிரிப்பு. "நல்லாவே தெரியுது. உள்ள இறங்குது."

ஆவுடைத்தாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதே குரல். சுவரில் சாய்ந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன அதே வார்த்தை. டாக்டர் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டிவிட்டு, "மதி, போதும் சேட்டா, கண்ணு திறக்கலாம்" என்றது. மூன்று விரலையும் எடுத்துவிடுவோம், அதோடு நிற்குமா என்று பார்ப்போம் என்று வெளியே வந்து பொன்செல்வியிடம் மலையாளத்தில் சொன்னது. பொன்செல்வி கையெழுத்துப் போடப் போனாள்.

ஆவுடைத்தாய் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கும் ஒண்ணும் தெரியலதான?"

மகாராஜா ஃபேனைப் பார்த்தான்.

"சொல்லுங்க."

"நீ கல்லக் கொண்டுட்டு வந்தப்ப ஒம் மூஞ்சியப் பாக்கணுமே. நம்ம கல்யாணத்துலகூட நீ அப்பிடி இருக்கல." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தெரியலன்னு எப்பிடிளா சொல்லுவேன்?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பனே."

"தெரியல, இன்னும் சூடு வையின்னு சொல்லியிருந்தா? இன்னும்லா கொதிக்க வச்சிருப்ப."

அதுவும் உண்மை. அவளுக்குக் கோபம் வர வேண்டும், அழுகை வர வேண்டும். இரண்டும் வரவில்லை. அவன் மேல் நழுவியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கஞ்சி வந்தது. அதன் ஆவி இந்தப் பக்கம் வந்து போனது.

விரல்களை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. காலின் முன்பக்கம் துணிச் சுருட்டில் மொட்டையாக முடிந்திருந்தது. ஆவுடைத்தாய் சாப்பாட்டுத் தூக்கோடு வருவாள், ஊட்டுவாள், கழுவுவாள். மழை விட்டு, ஜன்னலில் மஞ்சள் வெயில் அடித்தது. மட்டை அரிசிக் கஞ்சியும் பயறும் கொண்டுவந்திருந்தாள். கரண்டி வாய்க்குப் போகும் முன் அவன் முகம் சுருங்கியது.

"ஏளா."

"என்ன?"

"பெருவிரலு சுடுது."

அவள் கரண்டியை வைத்தாள். "எந்தக் காலு?"

"அந்தக் காலுதான். அந்த விரலுதான். இடுக்குல எல்லாம் சுடுது. கல்லு இருக்க மாதிரி இருக்கு." அவன் மூச்சு வாங்கினான். "எடேன்."

சில பேருக்கு அப்படி இருக்கும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். இல்லாத விரல் சுடும், அரிக்கும், மடங்கும் என்றாள். ஆவுடைத்தாய்க்கு அதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை. எழுந்து கால்மாட்டுக்குப் போனாள். துணிச் சுருட்டு முடிகிற இடத்துக்கு அப்பால், ஒன்றுமில்லாத இடத்தில் கையைக் கொண்டுபோனாள். ஸ்பாவில் எடுக்கிறதுபோலவே, விரல்களைக் குவித்து, பாதத்தைத் தொடாமல், இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்து எடுத்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். கடைசியாக அடியில் இருந்த பெரிய கல்லையும் இரண்டு கையாலும் தாங்கி எடுத்தாள்.

"இப்பம்?"

மகாராஜா அவள் முகத்தைப் பார்த்தான். "இப்பம் இல்ல" என்றான். "ஆறிருச்சு."

அவள் அங்கேயே நின்றாள்.

"நெசத்தச் சொல்லுங்க."

அவன் கட்டிலின் ஓரத்தைப் பார்த்தான். பிறகு உதடு கோணியது.

"சுடத்தான் செய்யுதுளா. நல்லாச் சுடுது."

ஆவுடைத்தாய் அந்த வெறும் இடத்தில் தலையை வைத்துக் கட்டிலின் மேல் கவிழ்ந்தாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எழுந்து வந்து, என்னவென்று கேட்காமல், அவள் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கையின் சூடு அவளுக்குத் தெரிந்தது.